மூட்டை எத்தனை கிலோ?

நாம் ரயிலில் போகிறோம். பஸ்ஸில் போகிறோம். மூட்டை முடிச்சோடு போகிறோம். ரயிலிலும் எடைக் கணக்கு உண்டு. படுக்கை வசதி உள்ள சாதாரண வகுப்பில் ஒருவர் 40 கிலோ வரை இலவசமாகக் கொண்டு போகலாம். ஆனால் யார் எடை போட்டுப் பார்க்கிறார்கள்? இடம் இருந்தால் சீட்டுக்கு அடியில் தள்ளிவிடுகிறோம்.

விமானம் அப்படி இல்லை. அங்கே ஒவ்வொரு மூட்டையும் தராசில் ஏறும். ஒரு கிலோ கூடினாலும் காசு கேட்கலாம்.

ஏன் இப்படி?

விமானம் காற்றில் பறக்கிறது. எடை கூடினால் எண்ணெய்ச் செலவு கூடும். அளவுக்கு மீறினால் ஏறுவதும் இறங்குவதும் ஆபத்து. அதனால் ஆள், மூட்டை, எண்ணெய் எல்லாவற்றையும் கணக்குப் போட்டுத்தான் விமானத்தைக் கிளப்புகிறார்கள்.

இன்னொரு காரணம் காசு. 2003-ல் கேப்டன் கோபிநாத் என்பவர் ஏர் டெக்கான் என்ற கம்பெனியைத் தொடங்கினார். சாதாரண மக்களும் விமானத்தில் போக வேண்டும் என்பது அவர் எண்ணம். 'சூரரைப் போற்று' படம் பார்த்திருப்பீர்கள். அவர் வாழ்க்கையைத் தழுவியதுதான் அந்தப் படம். டிக்கெட் விலையைக் குறைத்தார். சாப்பாடு வேண்டுமா, தனிக் காசு. பின்னால் வந்த மலிவு விலைக் கம்பெனிகளும் இதே வழியில் போயின. டிக்கெட் மலிவு, மற்றதெல்லாம் தனி. கூடுதல் மூட்டையில் அவர்களுக்கு நல்ல வருமானம். இது நமக்குத் தெரிந்திருந்தால் போதும், ஏமாற மாட்டோம்.

எவ்வளவு கொண்டு போகலாம்?

திருப்பதி விமான நிலையம் ரேணிகுண்டாவில் இருக்கிறது. அங்கிருந்து ஹைதராபாத் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இது உள்நாட்டுப் பயணம். பொதுவாக 15 கிலோ பெரிய மூட்டை ஒன்று. இதை கவுண்டரில் கொடுத்துவிட வேண்டும். கையில் வைத்துக்கொள்ள 7 கிலோ பை ஒன்று. அவ்வளவுதான்.

டிக்கெட்டில் இது எழுதியிருக்கும். டிக்கெட் ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். எண் எல்லா மொழியிலும் ஒன்றுதான். 15 எங்கே இருக்கிறது, 7 எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். 15 இல்லாமல் 7 மட்டும் இருந்தால் ஜாக்கிரதை. அது கைப்பை மட்டும் கொண்டு போகும் மலிவு டிக்கெட்டாக இருக்கலாம். 2021 முதல் இப்படிப்பட்ட டிக்கெட் விற்க அரசு அனுமதித்திருக்கிறது. டிக்கெட் போட்டுக் கொடுப்பவரிடம், "லக்கேஜ் எத்தனை கிலோ?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

ரேணிகுண்டாவுக்கு வரும் விமானங்களில் ஏ.டி.ஆர் என்ற சிறிய விமானமும் உண்டு. இரண்டு பக்கமும் விசிறி சுற்றும். 78 பேர் உட்காரலாம். தலைக்கு மேலே பை வைக்கும் இடம் மிகச் சிறியது. கைப்பை பருமனாக இருந்தால் வாசலிலேயே வாங்கி அடியில் போட்டுவிடுவார்கள்.

குவைத் போகிறவர்கள் கவனிக்க

சித்தூர், ராயசோட்டி, ராஜம்பேட்டை பக்கம் குவைத்துக்குப் போகாத ஊர் குறைவு. வீட்டு வேலைக்குப் பெண்களும் போகிறார்கள். அவர்களில் பலர் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

உங்கள் தங்கை குவைத்துக்குப் போகிறாள். ஹைதராபாத்திலிருந்து குவைத்துக்கு ஒரு டிக்கெட். அதில் 30 கிலோ என்று போட்டிருக்கிறது. சந்தோஷமாக 27 கிலோ கட்டுகிறீர்கள். ரேணிகுண்டாவிலிருந்து ஹைதராபாத் போக வேறொரு டிக்கெட் தனியாக வாங்கியிருக்கிறீர்கள். அதில் 15 கிலோதான். ரேணிகுண்டா கவுண்டரில் என்ன சொல்வார்கள்?

"அம்மா, 12 கிலோ கூடுதலாக இருக்கிறது."

"குவைத் டிக்கெட்டில் 30 கிலோ போட்டிருக்கிறதே, சார்!"

"அது அந்த விமானத்துக்கு. இங்கே 15 தான்."

கிலோவுக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 12 கிலோவுக்கு 7,200 ரூபாய் ஆகிறது. கடன் வாங்கிக் கிளம்புகிறவளுக்கு இது பெரிய அடி.

இதற்கு இரண்டு வழி உண்டு. ரேணிகுண்டாவிலிருந்து குவைத் வரை ஒரே டிக்கெட்டாகப் போடச் சொல்லுங்கள். அப்போது பெரும்பாலும் வெளிநாட்டு அளவே முழுதும் செல்லும். அல்லது சித்தூரிலிருந்து பஸ்ஸில் சென்னை விமான நிலையத்துக்கே போய்விடுங்கள். சுமார் 150 கிலோமீட்டர்தான். என்னைக் கேட்டால் மூட்டை பெரிதாக இருக்கும்போது இரண்டாவது வழியே மேல்.

கூடுதல் எடை கட்டாயம் வேண்டுமா? அதை முன்கூட்டியே டிக்கெட்டோடு சேர்த்து வாங்குங்கள். கவுண்டரில் கடைசி நேரத்தில் கொடுப்பதைவிட விலை குறைவு.

வீட்டிலேயே எடை போடுங்கள்

மளிகைக் கடையில் கேட்டால் ஒரு நிமிடம் தராசு தருவார்கள். கொக்கியில் தொங்கவிடும் சிறு தராசும் கடையில் கிடைக்கிறது. காலிப் பெட்டியையும் எடை போட்டுப் பாருங்கள். சக்கரம் வைத்த பெரிய பெட்டி தானே 4, 5 கிலோ இருக்கும். 15 கிலோவில் மூன்றில் ஒரு பங்கு பெட்டிக்கே போய்விடும்! கெட்டியான துணிப்பை அல்லது அட்டைப்பெட்டி நல்லது. கயிறு போட்டு இறுக்கிக் கட்டுங்கள். பெயர், போன் நம்பர் எழுதுங்கள்.

ஒரே மூட்டையை 32 கிலோவுக்கு மேல் கட்டக்கூடாது. காசு கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள். அதைத் தூக்கும் தொழிலாளியின் முதுகை நினைத்து வைத்த விதி அது.

திருமலை லட்டு கைப்பையில் போகலாம். ஒரு சின்ன லட்டு சுமார் 175 கிராம். பத்து லட்டு என்றால் ஏறக்குறைய 2 கிலோ. 7 கிலோவில் அதையும் கணக்கில் சேருங்கள்.

எதை எதில் வைப்பது?

ஊறுகாய், நெய், எண்ணெய், மிளகாய்ப்பொடி கைப்பையில் கூடாது. சோதனையில் எடுத்துப் போட்டுவிடுவார்கள். அம்மா கையால் போட்ட மாங்காய் ஊறுகாய் குப்பைத் தொட்டிக்குப் போவதைப் பார்க்கச் சகிக்காது. இவற்றை ஒழுகாமல் மூடி, இரண்டு மூன்று பிளாஸ்டிக் பைகளில் சுற்றி, பெரிய மூட்டையில் வையுங்கள். கத்தியும் அருவாமணையும் பெரிய மூட்டையில்தான்.

கொப்பரைத் தேங்காயை எதிலுமே வைக்கக் கூடாது. அதில் எண்ணெய் இருக்கிறது, தீப்பிடிக்கும். முழுத் தேங்காயையும் கைப்பையில் விடுவதில்லை. 2024-ல் சபரிமலை பக்தர்களின் இருமுடித் தேங்காய்க்கு மட்டும் அந்தப் பருவத்தில் சிறப்பு அனுமதி கொடுத்தார்கள். தீப்பெட்டி, லைட்டர் இரண்டிலும் கூடாது.

செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றும் பவர் பேங்க் இதற்கு நேர்மாறு. அது கைப்பையில்தான் இருக்க வேண்டும். பாஸ்போர்ட், விசா, பணம், நகை, தினமும் சாப்பிடும் மாத்திரை, இவையும் கைப்பையில்தான். மூட்டை தொலைந்தாலும் இவை தொலையக் கூடாது.

வளைகுடாவுக்குப் போகிறவர்கள் கசகசாவைத் தொடவே வேண்டாம். நமக்கு அது குழம்புக்குப் போடும் சாமான். ஐக்கிய அரபு எமிரேட்ஸ், சவுதி அரேபியா போன்ற நாடுகளில் அது போதைப்பொருள் கணக்கில் வரும். ஜெயிலுக்கே போக நேரிடும். பக்கத்து வீட்டுக்காரர், "என் மகனிடம் இந்தப் பொட்டலத்தைக் கொடுத்துவிடு, தம்பி" என்பார். பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. உங்கள் மூட்டையில் இருக்கும் பொருளுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். டாக்டர் கொடுத்த மாத்திரை என்றால் அவர் எழுதிய சீட்டும் கூட இருக்கட்டும்.

மூட்டை வரவில்லை என்றால்?

கவுண்டரில் மூட்டையைக் கொடுத்ததும் ஒரு சின்னச் சீட்டு தருவார்கள். அதில் ஓர் எண் இருக்கும். அதைப் பத்திரமாக வையுங்கள். இறங்கிய ஊரில் மூட்டை வரவில்லையா? கிழிந்து வந்ததா? விமான நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள். அந்தக் கம்பெனியின் கவுண்டருக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுங்கள். நகல் வாங்குங்கள். உள்நாட்டுப் பயணத்தில் தொலைந்த மூட்டைக்கு 20,000 ரூபாய் வரை நஷ்ட ஈடு கேட்கலாம். கம்பெனி பதில் தராவிட்டால் ஏர்சேவா என்ற அரசு இணையதளத்தில் புகார் செய்யலாம். அதற்கும் அந்தச் சின்னச் சீட்டின் எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள்.