கொடுப்போரும் கொள்வோரும்

புதுச்சேரி நகரின் வடபகுதியாகிய முத்தியால்பேட்டையில், கடலையொட்டி அமைந்த மீனவர் குடியிருப்பு சோலை நகர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலையில் புதுச்சேரிக் கடற்கரைக் குப்பங்களை ஆழிப்பேரலை தாக்கியது. காரைக்காலில் உயிரிழப்பு மிகுதி. உதவ அயல்நாடுகள் பல முன்வந்தன. தன்னால் சமாளிக்க இயலும் என்று கூறி, இந்திய அரசு அந்நிவாரண உதவியை ஏற்கவில்லை. அதே வேளையில் இந்தியக் கடற்படைக் கப்பல்கள் நிவாரணப் பொருள்களுடன் இலங்கையின் திருகோணமலைக்கும் காலிக்கும் விரைந்தன.

இதனைத் தன்மானம் என்று மட்டும் கூறிவிட முடியாது. 1960களின் நடுவில் நாடு வறட்சியால் வாடியபோது, அமெரிக்கக் கோதுமையை நம்பியிருந்தோம். அன்றைய அமெரிக்க அதிபர் ஜான்சன் அதனை மொத்தமாக அனுப்பாமல், நம் வேளாண் கொள்கையைக் கவனித்தபடி, சிறிது சிறிதாகவே விடுவித்தார். உதவியோடு நிபந்தனையும் சேர்ந்தே வரும் என்பதை அக்கப்பல்கள் உணர்த்தின.

எனினும் எல்லா உதவியையும் இந்தியா மறுத்துவிடவில்லை. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் மறுகட்டுமானப் பணிகளுக்காக 2005இல் உலக வங்கியிடம் கடன் பெற்றது. நாடுகளுக்கிடையிலான வளர்ச்சி உதவியில் நல்கை என்பது திருப்பித் தர வேண்டாதது. சலுகைக் கடன் என்பது குறைந்த செலவில் நீண்ட காலத்தில் திருப்பித் தர வேண்டியது. திருப்பித் தர வேண்டியதில்லை என்பதாலேயே நல்கை சிறந்ததாகிவிடாது. பணத்தை எப்படிச் செலவிடுவது என்று முடிவு செய்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். 2005 மார்ச்சில் கொடையாளர் நாடுகளும் வளரும் நாடுகளும் இணைந்து வெளியிட்ட பாரிசு அறிக்கை, பெறும் நாடே தன் வளர்ச்சித் திட்டத்தை வகுத்து வழிநடத்த வேண்டும் என்பதை முதல் நெறியாக வைத்தது.

இந்நெறியைப் பெறும் குடும்பம் வரைக்கும் கொண்டுசென்ற முயற்சி ஒன்றை இலங்கையில் காணலாம். போரால் வீடிழந்தோருக்காக இந்தியா அங்கு ஐம்பதாயிரம் வீடுகளுக்கு நல்கை அளித்தது. தொடக்கத்தில் ஆயிரம் வீடுகளை ஒப்பந்த நிறுவனங்கள் கட்டின. 2012 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய அடுத்த கட்டத்தில் முறை மாறியது. வடக்கிலும் கிழக்கிலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஐந்து இலட்சத்து ஐம்பதாயிரம் இலங்கை ரூபாய் ஒதுக்கப்பட்டது. கட்டுமானம் ஒவ்வொரு நிலையை எட்டியதும், அடுத்த தவணை குடும்பத்தின் வங்கிக் கணக்கில் நேரே சேர்ந்தது. கொத்தனாரை அமர்த்துவதும் மணலுக்கு விலை பேசுவதும் வீட்டாரின் பொறுப்பு. தாமே கட்ட இயலாதோருக்குச் செயற்படுத்தும் அமைப்புகள் துணை நின்றன.

இம்முறையிலும் இடர்கள் இருந்தன. ஒரே காலத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் எழுந்ததால் மணலும் மரமும் விலையேறின. கடன் வாங்கி வீட்டை முடித்தோரும் உண்டு. எனினும் அறை எங்கே, அடுப்படி எங்கே என்று முடிவு செய்தவர் அதில் வாழப்போகிறவரே.

மலையகத் தோட்டத் தொழிலாளருக்காக ஒதுக்கிய வீடுகளில் வேறொரு சிக்கல் எழுந்தது. தலைமுறை தலைமுறையாக அவர்கள் வாழ்ந்த 'லயன்' அறைகள் தோட்டத்துக்கு உரியவை. நிலம் அவர்கள் பெயரில் இல்லை. சுவர் எழுப்ப இந்தியா பணம் தரலாம். அச்சுவர் நிற்கும் ஏழு பேர்ச் நிலத்துக்கு உரிமைப்பத்திரம் வழங்க இலங்கை அரசால் மட்டுமே இயலும்.