பாவித்த கணனிப் பாகங்கள் வாங்கும்போது

ஆடு விற்ற காசில் பிள்ளையின் படிப்புக்கெனப் பாவித்த கணனி வாங்கும் பெற்றோரை நாம் அறிவோம். பாவித்தது என்பதற்காகப் பயப்படத் தேவையில்லை. மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோமல்லவா?

முதலில் வன்தட்டு. பிள்ளை எழுதிவைப்பதெல்லாம் அதில்தான் இருக்கும். கடையிலேயே இயக்கச் சொல்லுங்கள். 'டிக், டிக்' என்று சத்தம் கேட்டால் வேண்டாம். சத்தமில்லாவிட்டாலும், எத்தனை மணித்தியாலம் ஓடியது, பழுதான இடங்கள் உண்டா என்பதை வன்தட்டே பதிந்து வைத்திருக்கும். அதைக் காட்டும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

றாம் வாங்குவதானால் பழைய துண்டைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். டிடிஆர் 3 வகை, டிடிஆர் 4 பலகையில் பொருந்தாது.

தாய்ப்பலகையில் உருளை வடிவக் கொள்ளளவிகளின் தலை வீங்கியிருந்தால் விட்டுவிடுங்கள். திகதியும் நேரமும் பிழையாகக் காட்டினால் பெரும்பாலும் நாணயம் போன்ற சிறு மின்கலம்தான் காரணம். அதற்காகப் பலகையையே மாற்றச் சொன்னால் நம்பவேண்டாம்.

மின்வழங்கியை மட்டும் புதிதாகவே வாங்குங்கள். மலிவென்று பாவித்ததை வாங்கி, ஒரு தாய்ப்பலகையையும் சேர்த்து நாம் இழந்திருக்கிறோம்.

பற்றுச்சீட்டில் பாகத்தின் தொடரிலக்கத்தையும் உத்தரவாத நாட்களையும் எழுதுவித்த பின்பே காசைக் கொடுங்கள்.