ப்ரொஜெக்டரில் மஞ்சள் கறை ஏன் வருது?

(ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

நெய்வேலி டவுன்ஷிப்பில் இருந்து பேசுறேன். இங்கே ஒரு ஆசிரியை அனுப்பிய கேள்வியை இன்னைக்கு எடுத்துக்கலாம்: "ஸ்மார்ட் கிளாஸ் ப்ரொஜெக்டர்ல மஞ்சளா ஒரு கறை. லென்ஸைத் துடைச்சாச்சு, லாம்ப்பையும் மாத்தியாச்சு. போகவே மாட்டேங்குது. புதுசுதான் வாங்கணுமா?"

அவசரப்பட வேண்டாம். கறை பெரும்பாலும் உள்ளே, போலரைசர் என்கிற சின்னத் துண்டில் இருக்கும்.

எல்சிடி ப்ரொஜெக்டருக்குள் வெள்ளை ஒளி சிவப்பு, பச்சை, நீலம்னு மூணாப் பிரியுது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பேனல். அதுக்கு முன்னும் பின்னும் போலரைசர். ஒளி அலை பல திசைகளில் அதிரும். அதில் ஒரு திசை அதிர்வை மட்டும் போலரைசர் விடும். மிச்சம் என்ன ஆகுது? பழைய வகை போலரைசர் சாயம் ஏத்தின பிளாஸ்டிக் படலம். தடுக்கிற ஒளியை உறிஞ்சிக்கும், சூடாகும். மூணு நிறத்தில் நீல ஒளித்துகளுக்குத்தான் ஆற்றல் அதிகம். அதனால நீலப் பாதைப் படலம்தான் பெரும்பாலும் முதல்ல கருகும். வெள்ளையில் நீலம் குறைஞ்சா, மீதி மஞ்சள்.

இதுக்கு மாற்றாக வந்ததுதான் நானோ கம்பி போலரைசர். கண்ணாடி மேல அலுமினியக் கோடுகள், ஒன்றிலிருந்து அடுத்தது ஏறக்குறைய 150 நானோமீட்டர் தள்ளி. ஒரு தலைமுடி அகலத்தில் சுமார் 500 கோடு அடங்கும். நீல ஒளியின் அலைநீளமே சுமார் 450 நானோமீட்டர். ஒளியின் மின்புலம் கம்பியோடு சேர்ந்து அதிர்ந்தால், உலோகத்தில் எலக்ட்ரான்கள் நீளமா ஓடி அந்த ஒளியைத் திருப்பி அனுப்பிடும். குறுக்கே அதிர்ந்தால் ஓட இடமில்லை. ஒளி கடந்து போயிடும். பெரும்பகுதி உறிஞ்சப்படாமல் பிரதிபலிக்குது. அதோட உலோகமும் கண்ணாடியும் பிளாஸ்டிக் மாதிரி கருகாது.

யோசனை பழசு. 1888-லேயே ஹெர்ட்ஸ் செம்புக் கம்பி வரிசையால் ரேடியோ அலைகளை இப்படிப் பிரிச்சார். 1890-களில் கொல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ், ரயில்வே கால அட்டவணைப் புத்தகத்தின் தாள்களுக்கு இடையில் உலோகத் தாள் செருகி, அதையே போலரைசரா பயன்படுத்தினார். அவர் கையாண்ட அலைகள் சில மில்லிமீட்டர் நீளம். ஒளிக்கு அதே வேலையைச் செய்ய, சுமார் பத்தாயிரம் மடங்கு சிறுசா செதுக்க வேண்டியிருந்தது. அதுக்கு ஒரு நூற்றாண்டு ஆச்சு.

சரி, இப்போ என்ன செய்யலாம்? திரை முழுக்க நீலம், அடுத்து பச்சை, சிவப்புன்னு தனித்தனியா போட்டுப் பாருங்க. நீலத்தில் மட்டும் கறை கருப்பாத் தெரிஞ்சா, கோளாறு நீலப் பாதையில். போலரைசர் மட்டும் போயிருந்தால் அதை மாத்தினாலே போதும். பேனலும் கருகியிருந்தால் செலவு கூடும். சர்வீஸ்காரர்கிட்ட இதைக் கேட்டுட்டு முடிவெடுங்க. டிஎல்பி வகையில் பேனலுக்குப் பதில் நுண் கண்ணாடிகள்; இந்த மாதிரி போலரைசர் கிடையாது.

நம்ம ஊர் வெயிலும் தூசியும் தெரிஞ்சதுதானே. காற்று ஃபில்டரை அடிக்கடி சுத்தம் பண்ணுங்க. அது அடைச்சா உள்ளே சூடு ஏறும். ஃபேன் நிக்கிறதுக்கு முன்னாடி மெயின் சுவிட்சை அணைக்காதீங்க.