கால் கடுக்க நிற்பவர்களின் கை வைத்தியம்

அந்தமானின் போர்ட் பிளேர் நகரத்து அபர்டீன் பஜாரில் இரவு ஷட்டர் இறங்கும் நேரத்தில், ஜவுளிக்கடைப் பெண்களின் கணுக்காலைப் பார்த்தாலே அன்றைக்குக் கூட்டம் எப்படி என்று தெரிந்துவிடும். காலையில் தளர்வாக ஆடிய கொலுசு, இப்போது தோலில் அழுந்திப் பள்ளம் பறித்திருக்கும். சிலருக்கு முழங்காலின் பின்பக்கம் நீலமும் பச்சையுமாக முறுக்கிக்கொண்டு நிற்கும்.

2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்ட போர்ட் பிளேர், ஏற்றமும் இறக்கமுமான ஊர். இங்குள்ள தமிழர்களில் பலருக்குக் கடை, மீன் சந்தை, கட்டட வேலை என்று நின்றே கழிகிற பிழைப்பு. தெற்கே கச்சால் தீவில், இலங்கையிலிருந்து திரும்பி வந்து 1970-களில் குடியேறிய குடும்பங்கள் மரம் மரமாக நடந்து ரப்பர் பால் வெட்டின.

முழங்காலுக்குப் பின்னால் இப்படிப் புடைத்து நிற்பதைத்தான் ‘நரம்பு சுருட்டிக்கிச்சு’ என்கிறோம். சுருண்டிருப்பது நரம்பு இல்லை, சிரை. கீழே வந்த ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி ஏற்றுகிற குழாய் அது. அதற்குள் ஒருவழிக் கதவுபோல வால்வுகள் உண்டு. கெண்டைச் சதை இறுகும்போதெல்லாம் ரத்தம் மேலே போகும். வால்வு மூடி அதைக் கீழே விடாமல் பிடித்துக்கொள்ளும். அசையாமல் நின்றால் கணுக்கால் சிரையில் அழுத்தம் சுமார் 90 மி.மீ. பாதரசம். நடந்தால் 30-க்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே தோட்டத்தில் நடப்பவரைவிடக் கடையில் நிற்பவருக்குத்தான் ஆபத்து அதிகம். பரம்பரை, பிரசவம், உடல் எடை ஆகியவையும் சேர்ந்துகொண்டால் வால்வு தளர்ந்து ரத்தம் தேங்கும்.

வீட்டு வைத்தியம் தேங்காய் எண்ணெயில் தொடங்குகிறது. தென்னைக்குப் பஞ்சமில்லாத தீவுகள் இவை. எண்ணெயைக் காய்ச்சி, அடுப்பை அணைத்த பிறகு கற்பூரத்தை நுணுக்கிப் போட்டு, கை பொறுக்கும் சூட்டில் பாதத்திலிருந்து முழங்காலை நோக்கி நீவிவிடுவார்கள். மேல்நோக்கி நீவுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. தேங்கிய ரத்தம் போக வேண்டிய திசை அதுதான். புடைத்த சிரையின் மேலேயே கட்டைவிரலை வைத்து அழுத்தித் தேய்ப்பது மட்டும் கூடாது.

கடலோரத்தில் தானாக வளரும் வெண்நுணா, நிக்கோபாரியரின் கை மருந்துகளில் ஒன்று. நோனி என்று பாட்டிலில் அடைத்து விற்கிறார்களே, அதே மரம்தான். பழம் கனிந்தால் நாற்றம் தாங்காது. இலையை அனலில் வாட்டி வலிக்கிற இடத்தில் வைத்துக் கட்டுவார்கள், தமிழ்நாட்டில் நொச்சியையும் எருக்கிலையையும் கட்டுவதைப் போல. வலிக்கு இதமாக இருக்கும். தளர்ந்த வால்வை எந்த இலையும் இறுக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வல்லாரையின் கதை கொஞ்சம் வேறு. அதன் சாரத்தை ஐரோப்பாவில் சிரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வீக்கம் குறைந்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அது அளந்து கொடுத்த மருந்து. துவையலை அதற்கு ஈடாக நினைக்க வேண்டாம்.

வெந்நீரில் கல்லுப்பு போட்டுக் கால் ஊறவைப்பது வெறும் அலுப்புக்கு நல்லது. சிரை சுருண்டவர்களுக்கு இப்படி நெடுநேரம் ஊறும் சூடு ஆகாது, குழாய் இன்னும் விரியும். அவர்கள் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, இரண்டு தலையணை மேல் காலைத் தூக்கி வைத்து 15 நிமிடம் படுக்கலாம். செலவே இல்லாத இந்த வைத்தியத்தைத்தான் மருத்துவர்களும் முதலில் சொல்கிறார்கள்.

1906 முதல் 1908 வரை அந்தமானில் ஆய்வு செய்த ராட்கிளிஃப்-பிரௌன், பழங்குடியினர் வலிக்கும் உறுப்பைச் சுற்றி இறந்த உறவினரின் எலும்பு கோத்த கயிற்றைக் கட்டிக்கொண்டதை எழுதியிருக்கிறார். அவர்களுக்கு அது ஆவிகளிடமிருந்து காப்பு. இன்றைய மருத்துவமும் காலைச் சுற்றி ஒன்றைக் கட்டத்தான் சொல்கிறது, வேறு காரணத்துக்காக. அழுத்தக் காலுறை சிரையை வெளியிலிருந்து இறுக்கிப் பிடிக்கிறது. காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன், கால் வீங்காதபோதே மாட்டிக்கொள்ள வேண்டும். தீவின் புழுக்கத்தில் அதை நாள் முழுக்கப் போட்டிருப்பது பெரும்பாடு.

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சிவந்து, கெண்டை வலித்தால் எண்ணெய்ப் பக்கமே போகக் கூடாது. உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். நீவினால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். நேராக ஊரிலுள்ள ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நிக்கோபாரின் நான்கவுரித் தீவுக்கூட்டத்தில் பகலில் கடிக்கும் கொசுவால் யானைக்கால் நோயும் பரவியது. அங்கே கால் வீக்கம் எல்லாவற்றையும் நின்றதால் வந்தது என்று விட்டுவிட முடியாது.

நாள் முழுக்க நிற்க வைப்பதையே எதிர்த்து, கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் போராடினார்கள். 2018-ல் கேரளம் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. 2021-ல் தமிழ்நாடும் 1947-ம் ஆண்டுக் கடைகள் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்றது. அந்த இரண்டு சட்டங்களும் கடல் தாண்டி வருவதில்லை. ஆனால் அபர்டீன் பஜாரின் முதலாளிகள் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கல்லாவுக்குப் பின்னால் நாற்காலி ஏற்கெனவே இருக்கிறது. துணி மடிக்கிற மேசைக்குப் பின்னாலும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட இடம் இருக்கிறது.