சுவருக்கு வர்ணம்: கூலிக்கு முன் அளவு பேசுங்கள்

மழைக்காலம் ஓய்ந்து தீபாவளி நெருங்கினால் மும்பையில் பெயிண்டருக்குக் கிராக்கிதான். காலையில் நாக்காவில் நிற்பவரை அழைத்து, "ரூமுக்கு எவ்வளவு?" என்று மொத்தமாகப் பேசி விடுகிறோம். தகராறு அங்கேதான் பிறக்கிறது.

முதலில் அளவு. 10க்கு 12 அடி அறை, உயரம் 10 அடி என்றால் நான்கு சுவர்களும் சேர்ந்து 440 சதுர அடி, மேல்தளம் 120. மொத்தம் 560. கதவு, ஜன்னலைக் கழிப்பதா என்பதையும் அப்போதே பேசிக்கொள்ள வேண்டும்.

அடுத்து வேலை. பழைய பூச்சைச் சுரண்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்து, அதன்மேல் இரண்டு கோட் வர்ணம். இதில் எதை விட்டாலும் கூலி மலிவாகத் தெரியும், வர்ணம்தான் நிற்காது. ஓதம் காயாத சுவரில் பூசினாலும் உப்புப் பூத்து உதிரும். பொருள் யார் வாங்குவது என்பது உட்பட எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதிக் கொள்ளுங்கள்.

குழந்தைகள் உள்ள வீட்டில் இன்னொரு கவனம் தேவை. வீட்டு வர்ணத்தில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் எண்ணெய் வர்ணம் பூசிய கதவு, ஜன்னலை நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். ஈயத் தூசி குழந்தைக்கும் நஞ்சு, தேய்ப்பவருக்கும் நஞ்சு.

பெயிண்டரும் பெரும்பாலும் நம்மைப்போல் ஊரை விட்டுப் பிழைக்க வந்தவரே. முன்பணம் கொஞ்சம், பட்டி முடிந்ததும் பாதி, மீதி வேலை முடிந்த அன்றே. இப்படிக் கொடுத்தால் இருவருக்கும் மனக்குறை இராது.