தேக்கடிக்குப் போனோம், தண்ணீரைப் பார்த்தோம்!

"மலையைப் பார்க்கப் போகிறோமாம், மலையை! அது எங்கே ஓடியா போய்விடும்?" என்று கேட்டார் அருப்புக்கோட்டைத் தறிக்காரர் ஒருவர்.

கேட்டதில் தவறில்லை. தறி நின்றால் கூலி நிற்கும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஊர் சுற்றுவது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்றுதான் நம் தோழர்கள் நினைத்து வந்திருக்கிறார்கள். மலை ஓடாது, உண்மை. ஆனால் மலையிலிருந்து ஓடி வருவது ஒன்று உண்டே! அது எங்கே பிறக்கிறது, யார் அதைத் திருப்பிவிட்டார்கள், யார் வயலில் பாய்கிறது, யார் வாசலுக்கு வராமலே நின்றுவிடுகிறது என்பதைக் கண்ணால் கண்டுவர வேண்டாமா? வானத்தையே பார்த்து வாழும் நமக்கல்லவா அந்தப் பயணம் மிகவும் தேவை?

ஆகவே ஒரு பஸ்ஸைப் பேசினோம். சனிக்கிழமை நள்ளிரவில் கிளம்பினோம். விசைத்தறித் தோழர்கள், கைத்தறி நெசவாளர்கள், நூற்பாலைத் தொழிலாளர்கள், திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்துச் சம்சாரிகள், சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் இருவர் என ஒரு பஸ் நிறைய உழைப்பாளிகள். காரியாபட்டி, மதுரை, உசிலம்பட்டி எல்லாம் தூக்கத்தில் கடந்தன. ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டித் தேனியை நெருங்கும்போது பொழுது விடிந்தது. கண்ணை விழித்துப் பார்த்தால், எதிரே மேற்கு மலை! இடுப்பில் மேகத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. ஒருவரும் பேசவில்லை. மலை ஓடியா போய்விடும் என்று கேட்ட தறிக்காரர்தான் முதலில் சன்னல் கண்ணாடியைத் துடைத்தார்!

கம்பத்தில் நமக்கு வழிகாட்டியாக ஒரு பெரியவர் ஏறிக்கொண்டார். கால்வாய் லஸ்கராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த மடை எப்போது திறக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். சாலையின் இருபுறமும் நெல்வயல், தென்னந்தோப்பு, திராட்சைப் பந்தல். "இந்தப் பள்ளத்தாக்கில் 14,000 ஏக்கருக்கு மேலே இருபோகம், ஐயா. எல்லாம் பெரியாற்றுத் தண்ணீர்" என்றார். நம் கரிமூட்டத் தோழர் தலையை நீட்டிப் பார்த்தார். பார்த்த இடமெல்லாம் பச்சை. "இங்கே கருவேலையே இல்லையே, இவர்கள் பிழைப்புக்கு என்ன செய்கிறார்கள்?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நமக்கும் கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

நம் பஸ்ஸை முந்திக்கொண்டு ஜீப்புகள் மலையேறின. ஒவ்வொன்றிலும் நெருக்கியடித்துக்கொண்டு பெண்கள், மடியில் சோற்றுத் தூக்குகள். கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு அன்றாடம் வேலைக்குப் போகிறவர்கள் அவர்கள். நாம் மலையின் அழகைக் காணப் போகிறோம். அவர்கள் அன்றைய கூலியைத் தேடிப் போகிறார்கள்.

லோயர் கேம்பில் இறங்கினோம். அங்கே பென்னிகுயிக் மணிமண்டபம். 2013ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் திறக்கப்பட்டது. அது அந்த எஞ்சினீயரின் பிறந்த நாள். பொங்கல் நாட்களோடு சேர்ந்து வருவதால் அவருக்கும் பொங்கல் வைக்கிறார்கள் அந்த வட்டாரத்து விவசாயிகள். வெள்ளைக்காரனுக்குப் பொங்கலா என்று முகம் சுளிக்க வேண்டாம், தோழர்களே! ஆள வந்தவனை எதிர்த்த நாடுதான் இது. ஆனால் தண்ணீர் தந்தவனை மறக்கும் நாடு அல்ல.

நாம் கேட்க விரும்பியது இன்னொரு கேள்வி. அணை கட்டும் எண்ணம் யாருக்கு முதலில் வந்தது?

பெரியவர் சொன்னதைக் கேட்டு நரிக்குடிச் சம்சாரிகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 1789ஆம் ஆண்டு. இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை, மேற்கே ஓடிக் கடலில் விழும் ஆற்றைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று பார்த்துவர 12 பேரைத் தேர்ந்தெடுத்து இந்த மலைக்கு அனுப்பினார். முடியும் என்று வந்து சொன்னார்கள். ஆனால் அதற்கான பணம் இல்லை. 1795இல் சேதுபதியைக் கும்பினியார் பதவியிறக்கிச் சிறையில் தள்ளினார்கள். 1808இல் கும்பினித் தளபதி கால்டுவெல் வந்து பார்த்து, இது வீண் கனவு என்று எழுதிவிட்டுப் போனார்.

திருச்சுழிச் சீமை அந்தச் சேதுபதி ஆட்சிக்கு உட்பட்டது. கனவு கண்டது நம் வறண்ட பூமி! வீண் கனவு என்றது வெள்ளை அதிகாரம்! பிறகு 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். இலட்சக்கணக்கில் மக்கள் மடிந்தார்கள். அதற்குப் பிறகுதான் அதிகாரத்தின் கண் திறந்தது. 1886இல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை. அடுத்த ஆண்டு வேலை தொடங்கியது. 1895 அக்டோபரில் நீர் திறக்கப்பட்டது. சேதுபதி சிறை சென்று சரியாக நூறு ஆண்டு!

மண்டபத்தில் எஞ்சினீயரின் சிலை இருக்கிறது. அவர் உறுதியாக நின்றார், உண்மை. கட்டக் கட்ட வெள்ளம் அடித்துக்கொண்டு போனபோதும் அவர் மலையை விட்டு இறங்கவில்லை. ஆனால் கல் உடைத்தவன் யார்? சுண்ணாம்பும் சுர்க்கியும் குழைத்தவன் யார்? இடுப்பளவு நீரில் நின்று மூட்டை அடுக்கியவன் யார்? மலைக்காய்ச்சலிலும் காலராவிலும் மாண்டோர் நூற்றுக்கணக்கானோர். "எல்லாருக்கும் பேர் இருந்திருக்கும், ஐயா. எழுதி வைக்கத்தான் ஆள் இல்லை" என்றார் பெரியவர்.

மலைப்பாதையில் பஸ் ஏறியது. ஒரு வளைவில் நிறுத்தச் சொன்னார். சரிவில் நான்கு இராட்சதக் குழாய்கள் இறங்குகின்றன. மலைக்கு அப்பால் தேங்கிய நீர், பாறையைக் குடைந்த ஒரு மைலுக்குச் சற்று அதிகமான சுரங்கத்தின் வழியே இந்தப் பக்கம் வந்து, குழாயில் விழுந்து, கீழே மின்சாரம் தந்துவிட்டு, வைகையை நோக்கிப் போகிறது. குனிந்து பார்த்த விசைத்தறித் தோழர் ஒருவர், "அப்படியானால் இந்தத் தண்ணீர் கம்பி வழியாக நம் தறிக்கு வந்துவிடுகிறது. வாய்க்கால் வழியாகத்தான் வயலுக்கு வரவில்லை!" என்றார். மேடைப் பேச்சாளர் பத்துப் பேர் கூடிச் சொன்னாலும் அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது.

குமுளி தாண்டி, வனத்துறை வண்டியில் தேக்கடி சேர்ந்து, படகில் ஏறினோம். என்ன குளிர்ச்சி! கரையில் மிளாக் கூட்டம் மேய்ந்தது. தூரத்தில் ஒரு யானை நின்றது. நீரின் நடுவே பட்ட மரங்கள் நின்றன. அவற்றின் உச்சியில் நீர்க்காகங்கள் சிறகு உலர்த்தின. அந்த மரங்கள் 1895இல் மூழ்கிய காட்டின் மிச்சம். நூற்று முப்பது ஆண்டுக்குப் பிறகும் விழாமல் நிற்கின்றன!

"அணை எங்கே?" என்று கேட்டார்கள் நம் தோழர்கள். படகு அணை வரை போகாது. வந்து போகிறவர்களுக்கு அங்கே அனுமதியும் இல்லை. நூற்றைம்பது அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் அந்தச் சுவரைப் பார்க்காமலே திரும்பினோம். அதன் உயரத்தைப் பற்றித்தான் எத்தனை வழக்கு! 2014இல் உச்சநீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டின் தண்ணீர் உரிமையில் நாம் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்க மாட்டோம். அதே சமயம், அணைக்குக் கீழே வாழும் மலையாளத் தொழிலாளியும் நம் தோழனே. அவன் அச்சத்தைக் கேலி செய்வது நமக்கு அழகல்ல. அவனுக்குப் பாதுகாப்பு, நமக்குத் தண்ணீர். இரண்டும் வேண்டும் என்று பேசுவதே உழைப்பாளியின் அரசியல்.

திரும்பும் வழியில் வைகை அணையில் இறங்கினோம். 1959இல் காமராசர் திறந்துவைத்த அணை. மாலை விளக்குகள் எரிந்தன, குழந்தைகள் விளையாடின. நரிக்குடிப் பெரியவர் மட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது எங்கள் கண்மாய்க்கு எப்போது வரும்?" என்று லஸ்கரைக் கேட்டார்.

"திறந்துவிட்டால் கிருதுமால் நதியில் வரும், ஐயா. மேலே எல்லாருக்கும் போக மிஞ்ச வேண்டும்."

"மிஞ்சினால்தானா?"

லஸ்கர் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் அவர் அல்லவே!

தோழர்களே! நம் குண்டாறும் இதே மேற்கு மலைப் பக்கம், சாப்டூர்க் காடுகளில் பிறந்து வருவதுதான். மழை பெய்தால் ஆறு, இல்லையேல் மணல். அதற்கு நீர் சேர்க்கத்தான் காவிரி–வைகை–குண்டாறு இணைப்புத் திட்டம். மொத்தம் 262 கிலோமீட்டர். 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. மூன்று கட்டங்களில் கடைசிக் கட்டம் வைகையிலிருந்து குண்டாறு வரை 34 கிலோமீட்டர். அதுதான் நம் வாசல். கடைசிக் கட்டம் என்பதால் கடைசியாக நினைக்கலாம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. ஆட்சியில் யார் இருந்தாலும், நம்மவரே இருந்தாலும், கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியது நம் கடமை.

கேட்பதற்கு முன் செய்ய வேண்டியதும் உண்டு. நாளை நீர் வந்தால் தாங்க நம் கண்மாய் தயாரா? வரத்துக்கால் திறந்திருக்கிறதா, அல்லது சீமைக்கருவேலை அடைத்து நிற்கிறதா? கலுங்கு உடைந்து கிடக்கிறதா? ஒவ்வொரு கிளைக் கழகமும் தன் ஊர்க் கண்மாயை ஒரு நாள் சுற்றிவரட்டும். கண்டதை எழுதட்டும். எழுதியதைக் கிராமசபையில் வைத்துத் தீர்மானமாக்கட்டும். பஸ் வேண்டாம், படகு வேண்டாம். நடந்தே செய்யக்கூடிய சுற்றுலா அது!

நள்ளிரவு தாண்டி அருப்புக்கோட்டையில் இறங்கினோம். தறிக்காரர் போகிற போக்கில் சொன்னார்: "அடுத்த தடவை பையனையும் கூட்டி வருகிறேன்."

கூட்டி வாருங்கள், தோழரே! 1789இல் பன்னிரண்டு பேர் போய்ப் பார்த்து வந்தார்கள். நாம் ஒரு பஸ் நிறையப் போய்ப் பார்த்து வந்திருக்கிறோம். கண்டவர் பெருகட்டும். கண்டவரே கேட்பார்!