புரோம்ஸ் இறுதி இரவு

புரோம்ஸ் இறுதி இரவு என்பது இலண்டனில் கோடைதோறும் நடைபெறும் புரோம்ஸ் இசைத் தொடரின் நிறைவு நிகழ்ச்சியாகும். சூலை நடுவில் தொடங்கி ஏறத்தாழ எட்டு வாரங்கள் நடக்கும் இத்தொடர், வழக்கமாகச் செப்டம்பர் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் முடிவடைகின்றது. பிபிசி சிம்பொனி இசைக்குழு வாசிக்க, பார்வையாளரும் சேர்ந்து பாடுவது இதன் சிறப்பு.

தோற்றம்

"புரோமெனேட்" என்னும் சொல் உலாவுதலைக் குறிக்கும். மேடைக்கு முன்னுள்ள இடத்தில் இருக்கைகள் இல்லாமல், மக்கள் நின்றோ உலாவியோ கேட்ட கச்சேரிகளுக்கு இப்பெயர் வழங்கியது. குயின்ஸ் மண்டபத்தின் மேலாளர் ராபர்ட் நியூமன், குறைந்த கட்டணத்தில் எளிய இசையில் தொடங்கிப் படிப்படியாக உயர்ந்த இசைக்கு மக்களைப் பழக்க விரும்பினார். காது, மூக்கு, தொண்டை மருத்துவரான ஜார்ஜ் காத்கார்ட் இதற்குப் பணம் கொடுத்தார். அக்காலத்து இங்கிலாந்தில் வழங்கிய உயர்ந்த சுருதி பாடகர்களின் தொண்டையைக் கெடுப்பதாகக் கருதிய அவர், சுருதியைக் குறைக்க வேண்டும் என்பதை ஒரு நிபந்தனையாக விதித்தார்.

முதல் கச்சேரி 1895 ஆகஸ்ட் 10 அன்று நடந்தது. நடத்துநர் ஹென்றி உட்டுக்கு அப்போது வயது 26. நின்று கேட்பதற்குக் கட்டணம் ஒரு சில்லிங். உண்ணவும் புகைக்கவும் அனுமதி இருந்தது. பாடகர் பாடும்போது மட்டும் தீக்குச்சி உரசாதிருக்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர்.

1927இல் பிபிசி இத்தொடரின் பொறுப்பை ஏற்றது. 1941 மே மாதத்தில் செருமானியக் குண்டுவீச்சில் குயின்ஸ் மண்டபம் எரிந்து அழிந்தது. அவ்வாண்டே தொடர் ராயல் ஆல்பர்ட் மண்டபத்துக்கு மாறியது. இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்ட உட்டின் மார்பளவுச் சிலை இன்றும் ஒவ்வொரு பருவத்திலும் மேடையில் வைக்கப்படுகின்றது.

நின்று கேட்போர்

ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொள்ளும் இம்மண்டபத்தில், மேடைக்கு நேர்முன்னே உள்ள தரையும் உச்சியிலுள்ள மாடமும் நின்று கேட்போருக்கு உரியவை. மிகக் குறைந்த கட்டணம் செலுத்துவோரே இசைக்குழுவுக்கு மிக அருகில் நிற்கின்றனர். பல மேற்கத்திய கச்சேரி அரங்குகளில் இந்த முறை தலைகீழாக இருக்கும்.

இவர்களுக்கெனச் சில வழக்கங்கள் உண்டு. பியானோவின் மூடியைத் தூக்கும்போது தரையில் நிற்போர் ஒரு குரல் எழுப்ப, மாடத்தில் நிற்போர் பதில் குரல் தருவர். சுருதி சேர்க்கப் பியானோவில் ஒரு சுரத்தைத் தட்டினாலே கைதட்டல் எழும். ஆனால் இசை தொடங்கியதும் முழு அமைதி நிலவும்.

இறுதி இரவுக்கான சீட்டுகளுக்குப் போட்டி அதிகம். அப்பருவத்தின் வேறு பல கச்சேரிகளுக்குச் சீட்டு வாங்கியோருக்கு வழக்கமாக முன்னுரிமை உண்டு.

நிகழ்ச்சி முறை

முற்பகுதி பிற கச்சேரிகளைப் போன்றதே. பிற்பகுதியில் கொடிகளும் ஊதுகுழல்களும் வெளிவருகின்றன. எட்வர்ட் எல்காரின் முதலாம் "பாம்ப் அண்ட் சர்கம்ஸ்டன்ஸ்" அணிநடை இசை, டிரபால்கர் போரின் நூற்றாண்டுக்காக 1905இல் உட் தொகுத்த கடற்பாடல்கள், தாமஸ் ஆர்னின் "ரூல் பிரித்தானியா", ஹியூபர்ட் பாரியின் "செருசலேம்", நாட்டுப்பண் ஆகியவை மரபாக இடம்பெறுவன. கடற்பாடல்களில் வரும் மாலுமி நடனத்தில் வேகம் கூடக் கூட, கைதட்டும் கூட்டம் இசைக்குழுவை முந்தப் பார்க்கும். உட்டின் சிலைக்கு வாகை மாலை சூட்டப்படும். நடத்துநர் ஓர் உரை ஆற்றுவார்.

இன்றுள்ள இவ்வடிவம் பெரிதும் மால்கம் சார்ஜெண்ட் காலத்தில் உருவானது. 1947இல் இந்நிகழ்ச்சி முதன்முறையாகத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. 2013இல் மரின் ஆல்சப் இறுதி இரவை நடத்திய முதல் பெண் ஆனார்.

விவாதங்கள்

இவ்விரவு இசை விழாவா, நாட்டுப்பற்று விழாவா என்னும் கேள்வி நெடுங்காலமாக உள்ளது. "ரூல் பிரித்தானியா" 1740இல் இயற்றப்பட்டது. பிரித்தானியர் ஒருபோதும் அடிமைகளாக மாட்டார்கள் என அது முழங்கிய காலத்தில், பிரித்தானியக் கப்பல்கள் ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக ஏற்றிச் சென்றன என்பதை எதிர்ப்போர் சுட்டுகின்றனர். இது பேரரசின் புகழ்ச்சியன்று, ஒரு பருவம் முடியும் இரவின் கொண்டாட்டம் மட்டுமே என்பது ஆதரிப்போர் வாதம்.

2020இல் பெருந்தொற்றால் மண்டபம் வெறுமையாக இருந்தது. இப்பாடல்கள் சொற்களின்றி வாசிக்கப்படும் என முதலில் அறிவித்த பிபிசி, எதிர்ப்பு எழுந்தபின் சிறு பாடகர் குழுவைக் கொண்டு பாடச் செய்தது. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலக 2016இல் வாக்களித்த பின், ஒன்றியத்தின் நீலக்கொடியும் கூட்டத்தில் அசையத் தொடங்கியது.

மாறிய இரவுகள்

2001 செப்டம்பர் 11 தாக்குதல்களுக்குச் சில நாட்களில் வந்த இறுதி இரவை அமெரிக்கரான லெனர்ட் சிலாட்கின் நடத்தினார். "ரூல் பிரித்தானியா" உள்ளிட்டவை நீக்கப்பட்டு, சாமுவேல் பார்பரின் "அடாஜியோ", பேத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியின் இறுதிப்பகுதி ஆகியவை சேர்க்கப்பட்டன. 2022 செப்டம்பர் 8 அன்று அரசி இரண்டாம் எலிசபெத் மறைந்ததால், இரு நாட்களில் நடக்கவிருந்த இறுதி இரவு கைவிடப்பட்டது. அவ்வாண்டின் பருவம் நிறைவு நிகழ்ச்சி இன்றியே முடிந்தது.